பதினேழாவது கேள்வி

எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று வக்கீலுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதற்கு முன்னால் நிறுத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"கோர்ட்ல அந்த மேனேஜரைக் கேக்குறாங்க. 'கூட்டத்துக்கான அறிவிப்பை எல்லா வீட்டுக்காரங்களுக்கும் கொடுத்தீங்களா?' அந்த அம்மா சொல்லுது, 'லிப்டு பக்கத்துல பலகையில ஒட்டினேன்.' நீதிபதி கேக்குறார், 'லிப்டு ஓடுதா?' 'இல்லீங்க, அதை மாத்தத்தான் கூட்டமே போட்டோம்.' 'அப்போ ஓடாத லிப்டு பக்கத்துல யாரும்மா வந்து நிப்பாங்க?'"

கூடம் கொல்லென்று சிரித்தது. அறுபது பேர் இருந்தார்கள், எல்லோரும் அடுக்குமாடிக் குடியிருப்புகளை நிர்வகிக்கும் மேலாளர்கள். பலகை, லிப்டு, வீட்டுக்காரர்கள், கூட்டம் என்று அவர்கள் தினமும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சங்கதிகளைப் பற்றிய சிரிப்பு என்பதால் அது சற்று நீளமாகவே ஓடியது.

மூன்றாம் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவளும் உதட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்காத முகம் தனியாகத் தெரியும். அவள் வேலை பார்க்கும் நாற்பது வீட்டுக் கட்டடத்தில் அவளை எல்லோரும் மேனேஜரம்மா என்றே கூப்பிடுவார்கள். வக்கீல் சொன்ன கதையில் வரும் 'அந்த அம்மா' அவள்தான்.

"செத்தேன்க்கா" என்று பக்கத்து நாற்காலிக்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நானூறு வீட்டு வளாகம் ஒன்றின் மேலாளன். இடுப்பில் ஒரு கிலோ எடைக்குச் சாவிகள் தொங்கியதால் காலையிலேயே அவனுக்குச் சாவிக்கொத்து என்று பெயர் விழுந்துவிட்டது. "ஓடாத லிப்டு பக்கத்துல போய் ஒட்டியிருக்கு பாருங்க. இந்நேரம் அந்த அம்மா வேற பொழப்புக்குப் போயிருக்கும், இல்ல?"

"போயிருக்கும்" என்றாள்.

இரண்டு வருடத்துக்கு முன் விதி மாறியது. குடியிருப்புச் சங்கச் சட்டத்தில் ஒருநாள் பயிற்சி எடுத்து, மாலையில் தேர்வு எழுதி, இருபத்தைந்தில் இருபது வாங்கினால்தான் மேலாளருக்கு அரசு ஆணையம் உரிமம் கொடுக்கும். உரிமம் இல்லாதவரைச் சங்கம் வேலைக்கு வைக்கக் கூடாது. போன வருடம் அவள் வாங்கியது பத்தொன்பது. ஒரு வருடம் தவணை கொடுத்தார்கள், அது இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. வேலை போனால் அந்த வேலையோடு கொடுத்திருக்கும் தரைத்தளத்து இரண்டு அறைகளும் போகும். ஆலை மூடியதிலிருந்து வீட்டில் இருக்கும் கணவர், காலையில் செருப்பு மாட்டும்போது, "பெட்டி கட்டவா, வேண்டாமா, சாயங்காலம் சொல்லிடு" என்றார். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் பரணில் கிடந்த பெட்டிகள் இரண்டும் போன வாரமே இறங்கிவந்து, தூசி தட்டப்பட்டு, கட்டிலுக்கடியில் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

கேள்வித்தாள் வருடா வருடம் மாறுவதில்லை. பழைய கேள்விகளை அச்சடித்து ஒரு கையேடாகவே விற்றார்கள். கல்லூரியில் படிக்கும் மகள் அதை வாங்கிவந்து இரண்டு மாதம் அவளை உருட்டி எடுத்தாள். பதினேழாவது கேள்வி வரும்போதெல்லாம் மகளுக்குப் பொறுமை போய்விடும். "கையேட்டுல 'இ'ன்னு போட்டிருக்கும்மா. நீ ஏன் ஒவ்வொரு தடவையும் 'ஈ'க்குப் போறே? உனக்கும் அந்தக் கேள்விக்கும் அப்படி என்ன பகை?"

கேள்வி இதுதான்: 'பலகை அறிவிப்பு வழக்கில் பொதுக்கூட்டம் செல்லாமல் போனதற்குக் காரணம் என்ன?' முதல் இரண்டு விடைகள் வெறும் ஒப்புக்கு. மூன்றாவது 'இ': மேலாளர் அறிவிப்பை உரிமையாளரிடம் சேர்க்கவில்லை. நான்காவது 'ஈ': சேர்த்ததற்கான சான்றை மேலாளர் வைத்திருக்கவில்லை.

மகளிடம் என்ன பகை என்று அவள் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக, ஒரே ஒருவரைத் தவிர, யாரிடமும் சொல்லவில்லை.

லிப்டு பழுதாகி, புதிது வாங்குவதென்று பேச்சு எழுந்தபோது, கூட்ட அறிவிப்பை வீடு வீடாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் வேலை அவளுடையது. முப்பத்தொன்பது வீடுகளில் வாங்கிவிட்டாள். நாற்பதாவது ஐந்தாம் மாடி. பதிவேட்டை இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க ஏறிப்போய், கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். உள்ளே ஒரு ஆண் அழும் சத்தம். அடக்கி, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற அழுகை. இரண்டு நாளைக்கு முன்தான் அந்த வீட்டுக்காரரின் மனைவி இறந்திருந்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. இந்த நேரத்தில் கதவைத் தட்டி, 'ஐயா, இங்கே ஒரு கையெழுத்து' என்று எப்படிக் கேட்பது? குனிந்து, தாளைக் கதவுக்கடியில் தள்ளினாள். முழுதும் உள்ளே போகும்வரை தள்ளினாள். பிறகு கீழே இறங்கி, வேறு எதற்காகவும் இல்லை, ஒரு வழக்கத்துக்காக, பலகையிலும் ஒன்று ஒட்டினாள்.

அந்தத் தாள் மிதியடிக்குக் கீழே போனதோ, துக்கத்துக்கு வந்தவர்களின் காலில் மிதிபட்டுக் குப்பைக்குப் போனதோ, யாருக்குத் தெரியும்? ஐந்தாம் மாடிக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. துக்கத்தில் கிடந்த தன்னைக் கேட்காமலே கூட்டம் நடத்தி, அத்தனை பெரிய செலவுக்குத் தன்னையும் பொறுப்பாக்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பெரிய சங்கடம். அவர் பொய்யராக இருந்திருந்தால் ஒன்பது வருடமும் அவரைத் திட்டித் தீர்த்தாவது ஆறியிருக்கலாம்.

தீர்ப்பில் அவளைப் பற்றி ஒரே வரி: 'மேலாளரின் அசட்டையால் அறிவிப்பு உரிமையாளரிடம் சேர்க்கப்படவில்லை.' கூட்டம் செல்லாது என்றாயிற்று. புது லிப்டு பதினோரு மாதம் தள்ளிப்போயிற்று. அந்தப் பதினோரு மாதமும் படியேறியவர்கள் எல்லோரும் அவள் அறை வாசலைக் கடந்துதான் ஏறினார்கள். ஏறும்போது யாரும் சும்மா ஏறவில்லை. ஐந்தாம் மாடிக்காரர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஏறினார். செயலாளர் பெருந்தன்மையோடு சொன்னார்: "நீங்க அசட்டைதான், ஆனா நேர்மையான ஆள். இருங்க." அந்த 'இருங்க' அவளுக்குச் சோறு போட்டது. அந்த 'அசட்டை' அவளோடு உட்கார்ந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டது.

நீதிமன்றத்தில் அவள் ஏன் இதைச் சொல்லவில்லை? சங்கத்தின் வக்கீல் வேண்டாம் என்றார். இப்போது மேடையில் நின்று தண்ணீர் குடிக்கும் இதே வக்கீல்.

இடைவேளை விட்டார்கள். நடைவழியில் காப்பி இயந்திரத்துக்கு முன்னால் வரிசை நின்றது. வக்கீல் தனியாக ஜன்னலோரம் காகிதக் கோப்பையை ஊதிக்கொண்டிருந்தார். போவதா வேண்டாமா என்று அவள் யோசித்து முடிப்பதற்குள் கால்கள் போய்விட்டன.

"சார், ஒரு சந்தேகம். பதினேழாவது கேள்வி. அதுல 'ஈ' ஏன் சரியில்லை?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. சான்று இல்லேன்னா கொடுக்கலைன்னுதான் அர்த்தம். நிரூபிக்க முடியாதது சட்டத்துக்கு நடக்காத விஷயம்."

"நடக்காததும், நடந்து நிரூபிக்க முடியாததும் எப்படி சார் ஒண்ணாகும்? ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு விடையாப் போட்டிருக்கீங்க?"

"கேள்வி நான் தயாரிக்கலை. ஆணையத்துலேர்ந்து வருது." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "நீங்க 'இ' போட்டுட்டுப் போங்கம்மா. எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?"

"நான் கொடுத்தேன் சார்."

"யாரு?"

"நான்தான் அந்த மேனேஜர்."

இந்த ஒரு வாக்கியத்தை அவள் ஒன்பது வருடம் ஒத்திகை பார்த்திருந்தாள். பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, மாடிப்படி விளக்குகளை அணைத்துக்கொண்டு இறங்கும்போது. ஒவ்வொரு ஒத்திகையிலும் வக்கீலின் முகம் வெளுத்துப்போகும். கோப்பை கைநழுவும். குறைந்தது, தலையாவது குனியும்.

வக்கீலின் முகம் மலர்ந்தது.

"அட! நீங்களா! முடியை வெட்டிட்டீங்க, கண்ணாடி வேற. அடையாளமே தெரியலையே! நல்லா இருக்கீங்களா? இன்னும் அதே கட்டடம்தானா?"

 கோபத்தை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போன இடத்தில் உட்காரச் சொல்லி நாற்காலி போட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு.

"கதவுக்கடியில தள்ளினேன்னு உங்ககிட்டச் சொன்னேன் சார். நீங்கதான் கோர்ட்ல அதைச் சொல்ல வேண்டாம்னீங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, பலகையில ஒட்டினேன்னு சொல்லிட்டு இறங்குன்னீங்க."

"சொல்லியிருப்பேன். அழுகைச் சத்தம், கதவடின்னு ஆரம்பிச்சிருந்தா எதிர்த்தரப்பு உங்களைப் பிழிஞ்சு காயப்போட்டிருக்கும். எப்படியும் தோக்குற வழக்கு. உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன்." சட்டென்று அவர் கண்ணில் ஒரு ஒளி. "அம்மா, ஒண்ணு பண்ணுங்க. அஞ்சே நிமிஷம் வந்து இவங்க முன்னாடி பேசுங்க. கதையாக் கேக்குறதுக்கும் நேர்ல ஆளையே பாக்குறதுக்கும் வித்தியாசம் இருக்கு. நல்ல உதாரணம்!"

"வேண்டாம் சார்."

"கூச்சப்படாதீங்க."

அது கூச்சம் இல்லை. ஆனால் அது என்ன என்று அந்த நடைவழியில், அரை நிமிடத்தில், காப்பி ஆறுவதற்குள் எப்படி விளக்குவது? மணி அடித்தது. அவள் நாற்காலிக்குத் திரும்புவதற்குள் வக்கீல் ஒலிவாங்கியில் அறிவித்துவிட்டார். அறுபது தலைகள் திரும்பின. சாவிக்கொத்தின் வாய் திறந்தபடி நின்றது.

மேடையேறியதும் அவளுக்கே வியப்பாக, பேச்சு வந்தது. ஐந்தாம் மாடி, பதிவேடு, ஓங்கிய கை, அழுகை, தாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லிக்கொண்டே போகையில் உள்ளே ஒரு பழைய சந்தேகமும் கூடவே நடந்து வந்தது. அன்றைக்குத் தட்டாமல் இருந்தது இரக்கம்தானா, இல்லை அழுகிற ஆணின் முகத்தைப் பார்க்கப் பயமா? இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை, தாளை உண்மையிலேயே தள்ளினோமா என்றுகூட அவள் மனசு குழம்பியிருக்கிறது. எல்லோரும் 'நீ செய்யவில்லை' என்று ஒரே குரலில் சொன்னால், செய்த கைக்கே மறந்துபோகிறது. ஆனால் இப்போது சொல்லும்போது விரல்நுனியில் அந்தக் கதவடிச் சிமெண்டின் சொரசொரப்பு ஏறியது. தள்ளியது நிஜம். அவள் அழவில்லை. குரல் மட்டும் ஓரிடத்தில் மெலிந்தது.

 முன்வரிசைப் பெண் ஒருத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். ஒரே ஒரு கணம், இவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "அக்கா, போன்ல ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே?"

"அதேதான்!" வக்கீல் விரலைச் சொடுக்கினார். "எழுதிக்குங்க. கதவுக்கடியில போட்டா, போட்டோ."

பேனாக்கள் ஓடின.

"சார், தாள் முழுசும் உள்ள போனப்புறம் எடுக்கணுமா?"

"போனப்புறம் எடுத்தா வெறும் கதவுதானேப்பா தெரியும்? பாதி உள்ள, பாதி வெளிய."

"வீட்டு நம்பரும் தெரியணுமா சார்?"

"நம்பரு, தாளு, ரெண்டும் ஒரே படத்துல."

"உள்ள அழுகைச் சத்தம் கேட்டா வீடியோவா எடுத்துக்கலாமா சார்?"

இதற்கும் சிலர் சிரித்தார்கள். அவள் ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். நீங்க போகலாம் என்று யாரும் சொல்லவில்லை, இருங்க என்றும் சொல்லவில்லை. ஒலிவாங்கியை மேசைமேல் வைத்துவிட்டுத் தானாகவே இறங்கிவந்தாள்.

சாவிக்கொத்து நாற்காலியை ஒதுக்கி வழிவிட்டான். "அக்கா, மன்னிச்சிருங்க. தெரியாமச் சிரிச்சுட்டேன்."

"எல்லாரும்தானே சிரிச்சாங்க."

"இல்லக்கா, நான் ரெண்டு தரம் சிரிச்சேன்."

அன்றைய நாளில் அவளுக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுதான்.

மாலை மூன்று மணிக்குத் தேர்வு. விடைத்தாளில் வட்டங்களைக் கறுப்பாக நிரப்ப வேண்டும், இயந்திரம் திருத்தும். பதினேழை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை முடித்தாள். நிச்சயமாகத் தெரிந்தவற்றை விரல் விட்டு எண்ணினாள். பத்தொன்பது. மீதி ஐந்தும் அரைகுறை: வளர்ப்பு நாய், பால்கனித் திரை, வாடகைக்காரரின் வாக்கு, இந்த மாதிரி. போன வருடம் வாங்கிய அதே பத்தொன்பது. பதினேழில் 'இ' போட்டால் இருபது உறுதி. 'ஈ' போட்டால் நாயையும் திரையையும் நம்பிக்கொண்டு இருக்க வேண்டும்.

கட்டிலுக்கடியில் இருக்கும் பெட்டிகளை நினைத்தாள். மகளின் கல்லூரி இன்னும் ஒன்றரை வருடம். ஒரு வட்டம்தான். மிளகளவு வட்டம். அதை நிரப்புவதற்கு இவ்வளவு யோசனையா என்று தன்னையே வைதுகொண்டாள். பென்சில் நுனி 'ஈ'யின் மேல் தொட்டது, விலகியது. மேலாளர் அறிவிப்பை உரிமையாளரிடம் சேர்க்கவில்லை. 'இ'யை நிரப்பினாள். வட்டத்தைத் தாண்டி வெளியே வழியாமல், பள்ளிப்பிள்ளை மாதிரி, அழகாக நிரப்பினாள். நிரப்பி முடித்தபோது, நீதிபதி எழுதியதைத் தானும் கையெழுத்துப் போட்டு ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

முக்கால் மணி நேரத்தில் முடிவு வந்தது. கீழ்த்தளத்தில் ஆணைய அலுவலகத்தின் ஜன்னலில் ஒரு குமாஸ்தா பெயர் கூப்பிட்டுத் தாள்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளுடையதை நீட்டினார்.

இருபத்திரண்டு.

நாயும் திரையும் கைகொடுத்திருந்தன. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் மனசு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டது. இருபத்திரண்டில் ஒன்று போனால் இருபத்தொன்று. 'ஈ' போட்டிருந்தாலும் தேறியிருப்பாள். உண்மையைச் சொல்லக் கட்டுப்படியாகியிருக்கும், அதற்கு மேல் ஒரு மார்க் மிஞ்சியும் இருக்கும். தேவையில்லாமல் விட்டுக்கொடுத்துவிட்டாள். ஒன்பது வருடத்துக்கு முன் வக்கீல் வாயை மூடச் சொன்னார். இன்றைக்கு யாரும் சொல்லவில்லை, அவளாகவே மூடிக்கொண்டாள்.

ஜன்னல் ஓரத்தில் ஆட்சேப மனுப் படிவங்கள் ஒரு கட்டாக இருந்தன. 'விடைக்குறிப்பில் தவறு இருப்பதாகக் கருதுவோர்' என்று மேலே அச்சிட்டிருந்தது. ஒன்றை உருவினாள்.

"எதும்மா உங்களுக்குத் தப்பா மார்க் விழுந்தது?" என்றார் குமாஸ்தா.

"பதினேழு."

அவர் அவள் தாளை வாங்கிப் பார்த்தார். "பதினேழுக்கு மார்க் விழுந்திருக்கே."

"விழுந்திருக்கு. ஆனா அந்த விடை தப்பு."

"நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"நான்தான் எழுதினேன். தப்புன்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

குமாஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, மார்க் விழலைன்னு ஆட்சேபம் பண்ணுவாங்க. மார்க் விழுந்துடுச்சுன்னு எப்படி ஆட்சேபம் வாங்குறது? அதோட, இது தேறாதவங்களுக்கு மட்டும். நீங்க தேறிட்டீங்க."

"போன வருஷம் 'ஈ' போட்டு நான் தேறலை. அப்போ இப்படி ஒரு படிவம் இருக்குன்னு யாரும் சொல்லலையே."

"அப்போ கேட்டிருக்கணும்."

"கேள்வி தப்புன்னு சொல்லணும்னா நான் தோத்திருக்கணும். தோத்தா வேலை போயிடும். வேலை போனப்புறம் இந்தக் கேள்வி சரியாயிருந்தா என்ன, தப்பாயிருந்தா என்ன?"

"அதையெல்லாம் என்கிட்டக் கேக்காதீங்கம்மா. சர்டிபிகேட் வாங்கினதுக்கு இங்க ஒரு கையெழுத்து போடுங்க." அவர் பதிவேட்டைத் திருப்பி, இடத்தைப் பேனாவால் தட்டிக் காட்டினார். "கையெழுத்து இல்லாம எதையும் வெளிய விடக்கூடாது. நாளைக்குக் கொடுக்கவே இல்லைன்னு வந்து நின்னா, நான் எங்கே போய் முட்டிக்கிறது?"

அவள் அவரையே பார்த்தாள். இந்த மனிதரிடம் கோபப்பட முடியவில்லை. இதே வாக்கியத்தை அவளும் நாற்பது வீட்டு வாசல்களில் ஒன்பது வருடமாகச் சொல்லிவருகிறாள். கையெழுத்துப் போட்டாள்.

பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் நான்கு வரிதான் விட்டிருந்தார்கள். 'மேலாளர் அறிவிப்பைக் கொடுத்தார். கதவுக்கடியில் கொடுத்தார். சான்று வைத்திருக்கவில்லை. எனவே ஈ என்பதே சரியான விடை.' யோசித்து, இடுக்கி இடுக்கி ஐந்தாவது வரியும் எழுதினாள். 'எனக்குத் தெரியும், அந்த மேலாளர் நான்தான்.'

எழுந்து போனபோது ஜன்னல் அடைத்திருந்தது. பக்கத்துக் கதவும் சாத்தியிருந்தது. உள்ளே நாற்காலிகளை இழுக்கும் சத்தமும் குமாஸ்தா யாரோடோ சிரித்துப் பேசும் சத்தமும் கேட்டன. கை தட்டுவதற்காக உயர்ந்தது. தட்டினால் என்ன நடக்கும் என்று தெரியும். தேறிட்டீங்களே அம்மா, வீட்டுக்குப் போங்க.

கையை இறக்கினாள். குனிந்து, படிவத்தைக் கதவுக்கடியில் தள்ளினாள். உள்ளே ஓடிய மின்விசிறியின் காற்றில் அது பாதி வெளியே வந்துவிட்டது. மறுபடி தள்ளினாள், மறுபடி வந்தது. எரிச்சலில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதி உள்ளே, பாதி வெளியே. சரியாக அப்படித்தான் இருக்க வேண்டும் என்று காலையில் பாடம் நடந்திருக்கிறது.

கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கதவு எண்ணும் தாளும் ஒரே படத்தில் விழுவதற்கு முட்டி போட வேண்டியிருந்தது. படியிறங்கி வந்த சாவிக்கொத்து அவளைத் தரையில் பார்த்துவிட்டு, சாவிகள் குலுங்க ஓடிவந்தான். "அக்கா, என்னாச்சு? ஏதாவது விழுந்துடுச்சா?"

"ஒண்ணும் விழலைப்பா. கொஞ்சம் தள்ளி நில்லு, உன் நிழல் விழுது."

அவன் தள்ளி நின்றான். அவள் படம் எடுத்தாள். தெளிவாக இல்லை என்று இன்னொன்று எடுத்தாள். மூன்றாவது எடுக்கும்போது போன் அடித்தது. மகள்.

"அம்மா, என்னாச்சு? பாஸா?"

"பாஸ். அப்பாகிட்டச் சொல்லு, பெட்டியை மேல ஏத்திடலாம்."

மகள் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. "பதினேழுக்கு 'இ'தானே போட்டே?"

"'இ'தான்" என்றாள். கதவடித் தாள் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. செருப்பு நுனியால் அதை உள்ளே தள்ளினாள். "வீட்டுக்கு வந்ததும் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சாப்பிட்டுடாதே, இரு."